மேடத்தின் ஆயிரம் படிகள்

செம்பூரிலிருந்து தாராவி போகும் பஸ்ஸுக்கான வரிசையில், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "எங்க மேடம் ஏற வேண்டிய படியையும் நான்தான் ஏறுதேன்க்கா."

"என்னட்டி சொல்லுத?" என்றாள் மூத்தவள்.

"படி ஏறுத மாதிரி மிதிக்கதுக்குச் சின்ன மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கா. பில்டிங் பொம்பளைங்களுக்குள்ள வாராவாரம் போட்டி. தினம் சாயங்காலம் மெஷின்ல உள்ள நம்பர போட்டோ எடுத்து குரூப்புல போடணும். இவளுக்கு முட்டு வலிக்காம். 'பாத்திரம் தேச்சுட்டு, நீ ஒரு ஆயிரம் மிதிச்சுட்டுப் போ'ங்கா."

"நீயும் மிதிச்சியாக்கும்."

"பத்து நாளா மிதிக்கேன். வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு அங்க போர்டே வச்சிருக்காங்க. ஏழு மாடி ஏறிப் போயி, மறுபடியும் நின்ன இடத்துலயே ஏறணும். போன வாரம் இவதான் ஃபர்ஸ்ட்டாம். ஸ்வீட் வாங்கி, எல்லா மாடிக்கும் குடுத்துட்டு வான்னா. அதுக்காவது லிஃப்ட்ல போகட்டான்னு கேட்டேன். படியிலயே போன்னுட்டா."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. பார்த்தாள், எடுக்கவில்லை.

"யாருட்டி?"

"மேடம்தான். போட்டோ எடுக்கப் போயிருப்பா. இன்னைக்கும் ஆயிரம் மிதிச்சேன். கிளம்பும்போது பட்டன அமுக்கி, நம்பர பூஜ்யத்துல வச்சுட்டு வந்துட்டேன்."

"வேலை போயிரும்ட்டி."

"போகட்டும்க்கா. இன்னைக்கு ஒரு நாளாவது அவளே ஏறட்டும்."