கடைசியாச் சேர்த்த ஃபைல்

ஹலோ… ஹலோ, பிஜு சேட்டா? நான் ஷைலஜா… ஆமா, அபிலாஷ் பொண்டாட்டிதான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மைக் செட் வெச்சிருக்கீங்கன்னு ஃபோன்லயுமா இப்படிப் பேசறது? அவரு முன் ரூம்ல இருக்காரு, கேட்டுரும்… ஆமா… ஆமா ஆமா, நல்லாத்தான் இருக்காரு. கஞ்சி குடிச்சாரு. கழுத்து ஓட்டையைத் தொடைச்சு வேற துணி வெச்சு விட்டேன். டிவி பாத்துட்டு இருக்காரு… அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க சேட்டா. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அவரு உங்களுக்கு வாட்ஸாப்புல ஏதாவது அனுப்பினாரா?

…எப்போ?

…காலையிலயா. என்னன்னு?

…வாசிங்க. அப்படியே வாசிங்க, நீங்களா ஒண்ணும் சேக்காம.

…ம்… ம்…

என் சத்தம் உன்கிட்டதானே இருக்கு, அதை எப்போ பெங்களூருக்கு அனுப்புவன்னா? அப்படியேவா எழுதியிருக்காரு?

…இல்ல, அழல. அடுக்களையில நிக்கறேன், உள்ளி அரிஞ்சேன்… சரி, அழறேன். இருக்கட்டும். நீங்க என்ன பதில் போட்டீங்க?

…ஒண்ணும் போடலையா? நல்ல காரியம் பண்ணீங்க. போட்டுராதீங்க.

…எனக்குத் தெரியும் சேட்டா, உங்ககிட்ட இல்லைன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். நாலு மாசமா சொல்லிட்டு இருக்கேன். பிஜு சேட்டன்கிட்ட பத்திரமா இருக்கு, கம்பெனிக்காரங்க கேட்டதும் அனுப்பிடுவாருன்னு. ஸ்லேட்டுல அவரு கேக்கும்போதெல்லாம் இதையேதான் சொல்றேன்… ஆமா, பொய்தான். பச்சைப் பொய்.

…ஏன்னா என்கிட்டயும் இல்ல. அதான்.

…இருக்கு, ஆனா இல்ல. குறுக்க பேசாதீங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். தொண்டை ஆபரேஷன்ல சத்தம் போறதுக்கு முன்னால பத்து நாள் அவரைப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணினோமே. தினம் முப்பது வாக்கியம். அவருக்கு மலையாளம்தானே வாசிக்க வரும், தமிழை மலையாள எழுத்துல எழுதி எழுதிக் கொடுத்தேன். தண்ணி வேணும், கரண்ட் போயிடுச்சு, மகா சோறு தின்னாளா, இப்படி. முந்நூறு வாக்கியம் கொடுத்தா, அவரு ஃபோன்ல டைப் பண்ணினா அவரு சத்தத்துலயே பேசற மாதிரி செஞ்சு தர்றோம்னு பெங்களூர்க்காரங்க சொன்னாங்க. நீங்கதானே நம்பர் வாங்கித் தந்தீங்க.

…அதுதான். அதையெல்லாம் ஒண்ணாக் கட்டி வெச்ச ஜிப் ஃபைல். அது திறக்க மாட்டேங்குது.

…பாஸ்வேர்ட் போட்டேன். அது போச்சு.

…சேட்டா? …ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

…திட்டறதுன்னா திட்டுங்க, சும்மா இருக்காதீங்க. சும்மா இருக்கறவங்களோட நாலு மாசமா இருந்துட்டேன்.

…ஆமா, நீங்க அன்னிக்கு ஃபோன்ல சொல்லிக் கொடுத்தீங்க. பாதிதான் கேட்டேன். எனக்குத் தெரியும், மீதி அப்புறம் சொல்லுங்கன்னு வெச்சுட்டேன். டிடிபி கடையில எட்டு வருஷமா இருக்கறவளுக்கு இதுக்கு மேல என்னன்னு ஒரு திமிரு. ஃபைலை அமுக்கிச் சின்னதாக்க வேண்டாம், ஸ்டோர்னு வெச்சாலே போதும்னீங்க. நான் இருக்கறதுலயே ரொம்ப அமுக்கறதை வெச்சேன். சாக்கை எவ்வளவு இறுக்கித் தைக்கறோமோ அவ்வளவு பத்திரம்னு… அதனால ஒண்ணும் இல்லையா? சத்தம் கெட்டுப் போயிருக்காதா? …சரி. அது ஒண்ணாவது.

…என்க்ரிப்ஷனா? பூட்டு ரெண்டு விதம் இருந்துச்சு, அதுல பெரிசு. இருநூத்தி அம்பத்தாறு… ஆமா. தெரியும். எறணாகுளத்துல ஒரு ஆள்கிட்ட ஃபோன்ல கேட்டேன். எதைப் போட்டு பூட்டினீங்கன்னு கேட்டாரு, சொன்னேன், அப்படின்னா விட்டுருங்கன்னு வெச்சுட்டாரு.

…வேற காப்பி இல்ல. அதுலயே கீழ ஒரு கட்டம் இருக்குமே, சேர்த்து முடிச்சதும் மூல ஃபைலை அழிச்சிடுன்னு. அதுல டிக் போட்டிருந்தேன். கடை லாப்டாப் சேட்டா, நாலு பேர் கை வெக்கறது. பொண்ணு மகாவை அவரு கொஞ்சறதெல்லாம் அதுல இருக்கு. எவனாவது கேட்டுட்டு அவரை மாதிரியே பேசிச் சிரிச்சா நான் என்ன பண்ணுவேன்… ஃபோன்ல எங்க இருக்கும், ஃபோன்தான் நிறைஞ்சு போச்சே. தினமும் அதுலேர்ந்து கட் பண்ணிக் கம்ப்யூட்டர்ல போட்டு, அந்த ஜிப்லயே சேர்த்துட்டு வந்தேன்.

…எழுதி வெச்சேன், எழுதாம இருப்பேனா? பேரு வேண்டாம், பொறந்த தேதி வேண்டாம், நீளமா வைன்னு சொன்னது நீங்கதானே? பதினாலு எழுத்து, ஒரு அர்த்தமும் இல்லாம. ஆஸ்பத்ரி மருந்துக் கடையில ஒரு பிளாஸ்டிக் கவர் தருவாங்கல்ல, அதுல மார்க்கர் பேனாவால எழுதி, மருந்தெல்லாம் அதுக்குள்ளயே போட்டு வெச்சிருந்தேன். தினம் எடுக்கற சாமான், தொலையாதுன்னு.

…கேளுங்க. அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மாசம், பிளாஸ்டிக் எடுக்க வர்ற சேச்சிங்க வந்தாங்க. உங்க வீட்டுக்கும் வர்றாங்கதானே? கழுவிக் காய வெச்சுக் கொடுக்கலேன்னா வாசல்லயே வெச்சுட்டுப் போவாங்க. அன்னிக்கு மருந்து தீர்ந்த ஆஸ்பத்ரி கவர் மட்டுமே ஒரு குவியல் இருந்துச்சு. எல்லாத்தையும் உக்காந்து கழுவினேன். ஒரு கவர்ல மட்டும் கறுப்பா என்னமோ போகவே மாட்டேங்குது. சோப்பு போட்டேன், போகல. பாத்திரம் தேய்க்கற நாரை எடுத்து… நானே தேய்ச்சேன் சேட்டா. அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சேன். ராத்திரி முழுக்க தூங்காம இருந்த கண்ணுக்கு எழுத்தும் தெரியல, ஒண்ணும் தெரியல. சுத்தமாப் போனதும் திருப்தியா வேற இருந்துச்சு.

…ம்.

…ம். இல்ல, எவ்வளவோ அடிச்சுப் பாத்துட்டேன். மொத ரெண்டு எழுத்து ஞாபகம் இருக்கு. மீதிக்கு வாய்க்கு வந்ததெல்லாம் அடிக்கறேன். கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் அதுதான் வேலை.

சரி, இப்ப நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். உங்க லாப்டாப் கெட்டுப் போச்சு, அதுல இருந்ததெல்லாம் போச்சுன்னு அவருக்கு எழுதிடுங்க… இல்ல, கேளுங்க. உங்க மேல கோவம் வந்தா ரெண்டு நாள்ல போயிடும். பதினஞ்சு வருஷம் நீங்க ஆட்டோ ஓட்ட, அவரு பின்னால உக்காந்து மைக்ல அனவுன்ஸ் பண்ணிட்டு சுள்ளிக்கல்லேர்ந்து இடக்கொச்சி வரைக்கும் போகாத ரோடு உண்டா? உங்களை வெறுக்க அவரால முடியாது. நான் அப்படி இல்ல. என் முகத்தைத்தானே தினம் பாக்கணும்.

…ஏன் மாட்டீங்க?

…எனக்கு நியாயம் சொல்லாதீங்க. இங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. இப்ப அவரு ஃபோன்ல ஒரு கம்ப்யூட்டர் பொம்பளை பேசறா, தெரியுமா? இவரு டைப் பண்ணினா அவ பேசறா, ஷைலஜா எனக்குப் பசிக்கிறதுன்னு. பசிக்கிறதாம். எங்க வீட்டுல யாரு அப்படிப் பேசறா? ஒரு நாள் மகா விழுந்து விழுந்து சிரிச்சுட்டா. ஏழு வயசு, அவளுக்கு என்ன தெரியும். அதுலேர்ந்து அவரு அதைத் தொடறதில்ல. ஸ்லேட்டுதான். மகா வந்தா ஸ்லேட்டையும் கவுத்து வெச்சுடறாரு.

…என்ன?

…லாப்டாப்பா? கடை லாப்டாப் எடுத்துட்டு வந்திருக்கேன். இதோ, அரிசி டப்பா மேலதான் இருக்கு. எதுக்கு?

…திறந்து என்ன பண்ண? பாஸ்வேர்ட் கேக்கும், தப்புன்னு சொல்லும். நூறு தடவை பாத்தாச்சு.

…ஓ, பேரு மட்டும் தெரியும். லிஸ்ட் வரும். பத்து நாளைக்குப் பத்து… இருங்க, பதினொண்ணு இருக்கு.

…நட்சத்திரமா? ஆமா, பேருக்குப் பின்னால சின்னதா ஒரு நட்சத்திரம் இருக்கு. அது பூட்டின அடையாளம், எனக்குத் தெரியாதா? …எல்லாத்துக்கும் இருக்கு… சேட்டா, என்னைச் சும்மா எண்ண வெக்காதீங்க… சரி சரி. ஒண்ணு, இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு… ஆறு, ஏழு. எட்டு. ஒம்பது. பத்து, இருக்கு.

…பதினொண்ணு…

…இல்ல.

…சேட்டா, பதினொண்ணுக்கு நட்சத்திரம் இல்ல.

…இருங்க, இருங்க. தேதி பாக்கறேன். ஆபரேஷனுக்கு மொத நாள். அன்னிக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடிட்டு இருந்தேன். வழியில கடையில ஏறி, இதைச் சேர்த்துட்டு… ஆமா. ஆமா, பாஸ்வேர்ட் போட்ட ஞாபகமே இல்ல. ஒண்ணும் போடாம ஓகே கொடுத்துட்டு ஓடியிருக்கேன்.

…அப்படியா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பூட்டா? நான் மொத்தமா ஒரே பூட்டுன்னுல்ல நினைச்சேன். எப்பவும் எல்லாத்தையும் சேர்த்து எடுக்கப் பாப்பேன், மொதல் ஃபைல்லயே தப்புன்னு வரும், மூடிடுவேன். நாலு மாசமா கண்ணு முன்னால இருந்திருக்கு.

…ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்கும் போல. இது போதுமா? முந்நூறு வாக்கியம் கேட்டாங்களே?

…நெசமாவா? ஒரு நிமிஷச் சத்தம் இருந்தாலே செய்யறாங்களா இப்ப? சும்மா என் மனசு ஆறறதுக்குச் சொல்லலியே? …சேட்டா, நான் உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். நாளைக்கு உங்களுக்கு மீன் கறி வெச்சுத் தரேன். மகா கையில கொடுத்து அனுப்பறேன்.

…ம், க்ளிக் பண்றேன். அதை மட்டும். ரெண்டு தடவை. இருங்க… திறந்துருச்சு. பாஸ்வேர்ட் எதுவும் கேக்கல, திறந்துருச்சு. ஃபோனைப் பக்கத்துல வெக்கறேன், நீங்களும் கேளுங்க. சத்தத்தைக் கம்மியா வெச்சுக்கறேன்.

……

……

…கேக்குதா? அது நான். ஆஸ்பத்ரி வார்டுல. ரத்தம் கொடுக்க ரெண்டு பேர் வந்தாச்சு, ஒருத்தர் வரணும்னு சொல்லிட்டு இருக்கேன். இப்ப அவரு பேசுவாரு, இருங்க.

……

…இதுவும் நான்தான். ஆஸ்பத்ரி கார்டை எங்க வெச்சீங்கன்னு கேக்கறேன். ஏன் விடாம பேசிட்டே இருக்கேன் நான்?

……

…ஷைலு. ஷைலுன்னாரு. கேட்டீங்களா? அவருதான். அவரு சத்தம்தான் சேட்டா… திரும்பவும் நான். சாப்பிடாம இருக்கணும், பத்து மணிக்கு மேல தண்ணி கூடக் கிடையாதுன்னு… அடி பாவி, வாயை மூடேன்.

……

…ஷைலுன்னு மறுபடியும் கூப்பிடறாரு. நான் கேக்கவே இல்ல பாருங்க. ரெக்கார்ட் பண்ணத்தானே ஃபோனை அவரு கையில கொடுத்தேன்…

……

……

…சேட்டா.

…கேட்டீங்களா, கடைசில?

…ஷைலு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், நாளைக்கு அப்புறம் என்னால சொல்ல முடியாதுன்னு சொல்றாரு. நான், எல்லாம் அப்புறம் சொல்லுங்க, இப்பப் பேசாம படுங்கன்னு சொல்றேன். அதோட நின்னு போச்சு. நான்தான் கையிலேர்ந்து ஃபோனைப் பிடுங்கியிருப்பேன்.

…முழுசா ரெண்டு நிமிஷம் இருக்கு, அதுல அவரு பேசினது பத்து செகண்ட் கூட இருக்காது. மீதி முழுக்க என் வாய். இதை வெச்சு அவங்க சத்தம் செஞ்சா என் சத்தம்தான் வரும்.

…சொல்லாதீங்க. இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அவரைப் பேச விட்டிருந்தா போதும். ஒரு ரெண்டு நிமிஷம். அவ்வளவுதானே கேட்டாரு.

…டிவி சத்தம் நின்னு போச்சு.

…சேட்டா, அவரு கதவுகிட்ட நிக்கறாரு.

எப்ப வந்தீங்க?… எல்லாம் கேட்டுச்சா? …உக்காருங்க. நிக்காதீங்க, மூச்சு வாங்கும், உக்காருங்க. நான் சொல்லிடறேன். பிஜு சேட்டன்கிட்ட ஒண்ணும் இல்ல. நான்தான் பூட்டி வெச்சேன், நான்தான் தொலைச்சேன். முந்நூறு வாக்கியமும் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். என்னை அடிச்சாக்கூட வாங்கிக்கறேன், இப்படிப் பாத்துட்டு மட்டும் நிக்காதீங்க.

…பிஜு சேட்டா, வெச்சுடாதீங்க, கொஞ்சம் இருங்க. எனக்குப் பயமா இருக்கு… இல்ல, கோவப்படல. தலையில கை வெக்கறாரு. என் தலையில.

என்ன சொல்ல வந்தீங்க அன்னிக்கு? அந்த ஒண்ணு என்ன? …இந்தாங்க ஸ்லேட்டு. எழுதுங்க. மலையாளத்துலயே எழுதுங்க, நான் வாசிப்பேன்.

…எழுதறாரு சேட்டா.

…அழிக்கறாரு.

…திரும்ப எழுதறாரு. ரொம்ப நேரமா… காட்டுங்க. மறைக்காதீங்க, காட்டுங்க.

…மறந்நு போயி.

…அதான் எழுதியிருக்காரு. மறந்து போச்சாம்.

…இல்ல சேட்டா. பொய் சொல்றாரு. நாலு மாசமா பொய் சொன்னவ நான், எனக்குத் தெரியாதா பொய்யோட முகம்? அவரு சிரிக்கறாரு வேற. நான் சங்கடப்படக் கூடாதுன்னு சிரிக்கறாரு.

அதை அழிங்க. தாங்க, நான் அழிக்கறேன். எனக்குத்தான் அழிக்கத் தெரியுமே… இந்தாங்க சாக்பீஸ். அப்புறம் இல்ல, இப்பவே எழுதுங்க. எத்தனை நேரம் ஆனாலும் எழுதுங்க. ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன், இங்கயேதான் உக்காந்திருப்பேன்.

…பிஜு சேட்டா, வெச்சுடறேன். அவரு எழுத ஆரம்பிச்சுட்டாரு.