இரைச்சல் நீக்கிய பாட்டு

கம்ப்யூட்டரில் பழைய பாட்டைச் சுத்தம் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஈக்வலைசரைத் திறந்தால் இடப்பக்கம் கனத்த ஓசை, வலப்பக்கம் கீச்சு ஓசை என்று வரிசையாக நிற்கும். வேண்டாததை இறக்கி, வேண்டியதை ஏற்றினால் போதும். அறுபத்தெட்டு வயதில் நானே கற்றுக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சாரதாம்பாள் கிளேபாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு ஓர் ஒலிநாடாச் சுருளைக் கொண்டுவந்தாள். அவள் அம்மா பூங்காவனம் அக்கா இறந்தபின் அலமாரியில் கிடைத்ததாம். பதிவு செய்தவனே நான்தான். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குப் பத்து நாள் முன்னால், காஜா பெராங்கில் அவர்கள் வீட்டு முன்னறையில். சுதந்திரத்துக்கென்று அக்கா தானே கட்டிய பாட்டு. வானொலிக்கு அனுப்பலாம் என்று, நான் வேலை பார்த்த ரேடியோக் கடையின் டேப் மிஷினை இரவல் வாங்கிப் போயிருந்தேன்.

அன்றைக்குத்தான் சாரதாவின் தம்பி சுப்பையன் கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்தான். மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது ஏழு வயது சாரதாவிடம். “நின்னு பாத்துக்கிட்டு வாயத் தொறக்கலியேடி, பாவி,” என்று அக்கா அவளை அடித்தார். அதன்பின் சாகும்வரை மகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. பாடவும் இல்லை, அந்த நாடாவைப் போட்டுக் கேட்கவும் இல்லை.

“அம்மா கொரல் வேணும், அங்கிள்,” என்றாள் சாரதா. “இன்னொண்ணு. நான் வந்து கூப்பிட்டேன்னு எனக்கு ஒரு நெனப்பு. அப்ப சொன்னேன், பொய்யின்னு அடிச்சாங்க. இதுல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

மூன்று நாள் வேலை. முதலில் மோட்டார் உறுமலை இறக்கினேன், பிறகு நாடாவின் சீறலை. அக்காவின் குரலை மெல்ல ஏற்றியதும் எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில், கிணற்றுப் பக்கமிருந்து பிள்ளையின் அலறல். சற்றுப் பொறுத்து, சமையலறை வாசலில் சின்னக் குரல்: “அம்மா, தம்பி தண்ணில.” அதன்மேல் ஒரு “உஷ்”. அது என்னுடையது.

அந்தக் காலத்து வேலை முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நடுவில் யாராவது இருமினாலும் முதலிலிருந்து பாட வேண்டும். என் கை இறங்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அக்கா கண்ணை மூடி ஆர்மோனியத்தோடு பாடிக்கொண்டிருந்தார், எதுவும் கேட்கவில்லை. ஹெட்போன் என் காதில் இருந்தது. சாரதா வருவதற்கு முன்பே பிள்ளையின் அலறல் எனக்குக் கேட்டுவிட்டது. பாட்டு முடிய இன்னும் ஒன்றே முக்கால் நிமிடம் இருந்தது. அக்கா அதற்கு முன் அவ்வளவு நன்றாகப் பாடியதே இல்லை. உதட்டில் விரல் வைத்தேன். சாரதா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அப்படியே நின்றாள். பாட்டு முடிந்த பிறகுதான் கையை இறக்கினேன். அக்கா அவளை அடித்தபோது நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“உஷ்” வலக்கோடியில் இருந்தது, சுலபமாக இறங்கியது. பையனின் அலறலும் போயிற்று. சாரதாவின் குரல் மட்டும் அம்மா குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை இறக்கியபோது அக்காவும் கொஞ்சம் மெலிந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம்தான். மூலச் சுருளைக் காந்தம் வைத்து அழித்தேன்.

நேற்று சாரதா வந்து பாட்டைக் கேட்டாள்.

“இந்த எடத்துல மட்டும் அம்மா தள்ளிப் போற மாதிரி இருக்கே?”

“நாடா பழசும்மா.”

ஸ்பீக்கரில் காதை வைத்து மறுபடியும் கேட்டாள். “அப்ப நான் கூப்பிடவே இல்லியா, அங்கிள்?”

“இல்லம்மா,” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தம்பியின் அலறலைக் கேட்டால் அவள் மனசு தாங்காது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.