மேகத்தின் மேல் நாற்காலி

டீச்சர், பைண்டிங் நன்றாகத்தான் வந்திருக்கிறது. முதுகுத் துணியை மாற்றிவிட்டேன், தையலும் புதுசு. புத்தகம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கும். உட்காருங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்தது 1880களில் லண்டனில் அச்சான படப் பத்திரிகைத் தொகுப்பு. அதில் கொடைக்கானல் பயணத்துக்கு மட்டும் ஆறு படம். துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியில் சாய்ந்திருக்க, நாற்காலிக்கு நான்கு பேர் மூங்கிலைத் தோளில் வைத்து மலையேற்றுகிறார்கள். ஸ்கூல் கண்காட்சிக்கு என்று சொன்னீர்கள். வளைகுடாவுக்கு வந்து இந்த ஈசா டவுனில் ஃபிரேம் கடை போட்டிருப்பவனுக்கு இதெல்லாம் எப்போது பார்க்கக் கிடைக்கும்? மேசைமேல் திறந்து வைத்திருந்தேன்.

ஜவுளிக்கடை கலீல் ரஹ்மான் காக்கா வந்தார். அவருக்கு அப்போது மனசு சரியில்லை. அடுத்த வில்லா சுரேஷ்குமார் ஸ்விட்சர்லாந்து போய்ப் பனிமலையில் நின்ற படத்தைச் சுவர் அகலத்துக்கு மாட்டியிருந்தார். காக்கா போனது ஜார்ஜியா. விசாவே கேட்காத மலை. அதைச் சுவரில் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

படத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அம்மார், இது எங்க பாட்டனாருக்குப் பாட்டனார்."

"காக்கா, அது வெள்ளைக்காரப் பொம்பள. குடை பிடிச்சிருக்கா."

"மீசை போட்டா சரியாயிடும்ல?"

சரியாகத்தான் ஆனது. ஊரில் ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் டச்சிங் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ மாப்பிள்ளைகளின் பருவை எடுத்த கை. மீசை, தாடி, துருக்கித் தொப்பி. குடையை விட்டுவிட்டேன், பெரிய மனிதர்தானே.

"கீழே யாரு இந்த நாலு பேரு, சட்டையில்லாம?" என்றார் காக்கா. "வர்றவங்க அவங்களைப் பத்தித்தான் கேப்பாங்க. எடுத்துடு."

பிளேடால் சுரண்டி வெள்ளை பூசினேன். நாற்காலி அந்தரத்தில் நின்றது. அடியில் கொஞ்சம் மேகம் வரைந்தேன். மலைதானே, மேகம் இருக்கும். "கலாஸ், முடிஞ்சது" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் சுரேஷ்குமார் வந்தார். அவர்கள் குடும்பத்தில் எப்போதும் இரண்டு நாற்காலியாகத்தான் போவார்களாம். அப்படியே இன்னும் மூன்று பேர். ஐந்து படம் போனது. இருபத்து நான்கு ஆட்களை மேகமாக்கியிருக்கிறேன். நாற்காலியில் இருப்பவரைத்தான் எல்லோரும் கேட்டார்கள். தூக்கினவரைத் தன் சொந்தம் என்று ஒருவர் கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

ஒருவர் கேட்டார் என்பது உண்மைதான். கடைக்கு ஃபிரேம் கண்ணாடி இறக்க வரும் மாயாண்டி, பெரியகுளம் பக்கம். ஆறாவது படத்தின் முன்னால் கண்ணாடியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், இது எங்க மலை. எங்க பூட்டன் தொரைகளைத் தூக்கிட்டுப் போனவரு. முன்னால எடது தோள்ல வச்சிருக்காரு பாருங்க, அவருதான். எங்க வம்சத்துல எல்லாத்துக்கும் எடது தோள்தான்."

கண்ணாடியும் அவருடைய இடது தோளில்தான் இருந்தது.

"முகமே சரியாத் தெரியலையேப்பா."

"மொகத்த யாரு பாத்தா? வீட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல, பாய். என் போனு ஒடஞ்சு கெடக்கு. வெள்ளிக்கிழமை ரூம்ல எவன்கிட்டயாவது வாங்கிட்டு வந்து படம் புடிச்சுக்கிறேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துராதீங்க."

மாட்டேன் என்றேன். சொன்னபடி யாருக்கும் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் கடையில் ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் போட்ட மீசை, நமக்கு மட்டும் கூடாதா என்று தோன்றியது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாயாண்டி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, இரவல் போனோடு வந்தார். வெகுநேரம் மேகத்தையே பார்த்தார்.

"பாய், ஆளைக் காணோமே."

எனக்கும் மனசு கேட்கவில்லை. நூற்று நாற்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டே நின்ற மனுஷன், நான்தான் லீவு கொடுத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது கண்ணாடி இறக்க வேறு ஆள் வருகிறார்.

அந்தப் படம் உங்களுக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது, டீச்சர். நாற்காலியில் இருப்பவர் எங்கள் பாட்டனார். யாருக்கும் பாரமாக இருந்ததில்லை அவர்.