மதகுக்குக் கீழே மீன்பிடிக்க அனுமதி உண்டு

மீனை அளக்கும்போது அதன் வாய் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒரு விரல்கடை கூடுதலாகக் காட்டும். வாலும் அப்படித்தான். இரண்டு நுனிகளையும் சேர்த்து அமுக்கினால் மீன் நீண்டுவிடும். எங்கள் நகர எல்லைக்குள் வாலை அதன் போக்கில் விரிய விட்டுத்தான் அளக்க வேண்டும். வேறு ஊர்களில் அமுக்கலாம் என்கிறார்கள். அது அவர்கள் பாடு.

என் தங்கையின் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான் சுற்றி வளைப்பதாக நினைக்க வேண்டாம். அந்த வாலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு இங்கே உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் எங்கள் மீன்பிடிப்போர் சங்கத்தின் பின்னறையில் நடக்கும் விதி வகுப்புக்கு வர வேண்டும். பல வருடங்களாக அந்த வகுப்பை நடத்துவது நான்தான். யாரும் பிரியமாக வருவதில்லை. மின்விசிறி சத்தம் போடும். பின்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருப்பார். உரிமத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் வந்து அதே கேள்வியைக் கேட்பார்.

"வாத்தியாரே, பாலத்து மேல நின்னு தூண்டில் போடலாமா?"

"கூடாது."

"யாரும் பாக்கலேன்னா?"

"அப்பவும் கூடாது."

"இந்தச் சட்டமெல்லாம் மீனுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உரிமம் கையில் வந்ததும் பாலத்தில் போய் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அப்படி இல்லை. அவரை வகுப்புக்கு அழைத்து வந்ததே நான்தான். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று இருந்த மனிதர். தங்கை ஒருநாள், "அண்ணா, இவரைக் கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போங்களேன், சோபாவே குழி விழுந்துடுச்சு" என்றாள். கூட்டிப் போனேன். அவருக்கு ஆறு பிடித்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. விதிகள் பிடித்துப்போயின. எந்த மீனை விட வேண்டும், எந்த மாதம் எந்தக் கரைக்குப் போகக் கூடாது, கொக்கியில் முள் இருக்கலாமா, எல்லாம் தலைகீழ்ப் பாடம். விடத் தேவையில்லாத மீனைக்கூடச் சந்தேகத்தின் பேரில் விட்டுவிடுவார். சங்கத்தில் அவருக்கு அளவுகோல் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு மழை விட்ட ஒரு காலையில் எனக்கு ஒரு மீன் கிடைத்தது. அழகான மீன், செதில்களில் செம்பு நிறம். வைத்துக்கொள்ள அனுமதித்த அளவுக்கு ஒரு நூலிழை குறைவு. நான் வாலை லேசாக அமுக்கினேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"மச்சான், வாலைப் பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கை பட்டிருக்கும் மாப்ள."

"அப்ப கையை எடுத்துட்டு அளங்க."

அளந்தேன். குறைந்தது. ஆனாலும் மீனைப் பையில் போட்டேன். அவர் வாதாடவில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஆற்று ஆய்வாளர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். விதி வகுப்பு எடுப்பவரே இப்படிச் செய்யலாமா என்று கேட்டு, என் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தார். நிரந்தரமாக என்றால் என்ன என்று வகுப்பில் விளக்கியிருக்கிறேன். எனக்கு அதுவரை விளங்கியிருக்கவில்லை.

எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. விடிந்தால் ஆற்றுக்குப் போவேன், அவ்வளவுதான். அதன் பிறகு விடிந்தது, நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பை மட்டும் தொடரச் சொன்னார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை.

தங்கை வந்து அழுதாள். "உங்க மேல கோவத்துல செய்யலண்ணா. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சார்?" அவள் சொன்னது சரி. எனக்கும் அவர்மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூண்டில் எனக்கு இனி எதற்கு என்று என்னுடையதையே அவருக்குக் கொடுத்தேன். நெகிழ்ந்துபோய்விட்டார்.

இப்போது மதகு. ஊருக்கு நடுவில் தடுப்பணை இருக்கிறதே, அதன் மதகுக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு. மதகு மூடியிருக்கும்போது அங்கே நின்று மீன்பிடிக்க அனுமதி உண்டு. திறப்பதற்கு முன் அபாயச் சங்கு ஊதுவார்கள். ஊதினால் உடனே கரையேற வேண்டும். ஊதாதவரை நிற்கலாம். விதி இவ்வளவுதான். நகரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த வாரம் மதகு ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "வாத்தியாரே, சங்கு ரிப்பேர். மேல தண்ணி வந்துட்டிருக்கு, செவ்வாய்க்கிழமை காலைல திறக்கணும். உங்க ஆளுங்க யாரையும் கீழ இறங்க வேணாம்னு சொல்லிடுங்க." நான் பொறுப்பாக ஞாயிறு வகுப்பில் சொன்னேன், ஒருமுறைக்கு இருமுறை. பஸ் டிரைவர்கூடக் கேட்டுக்கொண்டார். அவர்தான் உங்களிடம் வந்து சொல்லியிருப்பார்.

உரிமம் வாங்கிய பிறகும் வாராவாரம் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை மட்டும் அன்று வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். வராததற்கு வருத்தம் தெரிவிக்க மாலையில் போன் செய்தார். அவர் அப்படிப்பட்டவர்.

"மச்சான், இன்னிக்குப் புதுசா எதாச்சும் சொன்னீங்களா?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. எல்லாம் பழசுதான்."

"பாப்பாவுக்குப் பரவாயில்ல. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன். எங்க போகலாம்?"

"மதகுக்குக் கீழ போங்களேன். அனுமதி இருக்கு."

"ஆமா, சங்கு ஊதினா ஏறிடணும்."

"ஊதினா ஏறிடணும்" என்றேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் எந்தத் தவறும் இல்லை. முதலில் சொன்ன 'ஒண்ணும் இல்ல' என்பதில் ஒன்று இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் பாறைத் திட்டுக்கு மேலே உள்ள பாலத்துக்குப் போனேன். பாலத்தில் தூண்டில் போடத்தான் தடை, நிற்கத் தடை இல்லை. வெயில் இதமாக இருந்தது. மதகு அறை அணையின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து பாறைத் திட்டு தெரியாது, அதனால் ஆபரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் என்னை நம்பினார். பாலத்தின் கைப்பிடியில் கயிறு கட்டிய மிதவை வளையம் தொங்கியது. அதை எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதையும் நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

இறுதிச் சடங்கில் தங்கை என் கையை விடவே இல்லை. "எதாச்சும் தப்பா செஞ்சிட்டாராண்ணா? போகக் கூடாத இடத்துக்குப் போயிட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு விதியையும் மீறாமல்தான் போனார் என்று சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் இந்த வசதி இருக்கிறது.

நான் எச்சரிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம் வேண்டும், முழுமையாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மதகின் கதவு மெல்ல உயர்ந்தது. முதலில் தண்ணீர் அவர் கணுக்காலுக்குத்தான் வந்தது. ஓடிக் கரையேற நேரம் இருந்தது. அவர் காலைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"மச்சான், தண்ணி ஏறுது. ஆனா சங்கு ஊதலியே? மேல வந்துடவா?"

நான் உள்ளங்கையைக் காட்டினேன், அங்கேயே இருங்கள் என்று. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தூண்டிலை மறுபடி வீசினார். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட மாணவர் அவர் ஒருவர்தான். அவரை நான் கொன்றுவிட்டேன், வகுப்புக்கு அது பெரிய இழப்பு.