பின்பாரம்

மழைக்காலம் வந்தால் எனக்கு வேலை கூடிவிடும், ஐயா. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் எங்கு பார்த்தாலும் இறக்கம். சைக்கிளில் பிரேக் கட்டை சீக்கிரம் தேய்ந்துபோகும். பிரதீஷ் தன் சைக்கிளை என் கடைக்குக் கொண்டுவந்ததும் அப்படியொரு மழை நாளில்தான்.

பிரதீஷ் என் தங்கை சுபாஜினியின் புருஷன். அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். அம்மாவின் இடத்தில் அவள் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள். நான் பதுளை டவுனில் கடை வைத்தவன். தோட்டத்தில் பேர் பதியாதவனுக்கு லயத்து வரிசை வீடுகளில் உரிமை கிடையாது. லயத்துக்குப் பதிலாகப் புது வீடு கொடுத்தபோது அதுவும் அவள் பேரில்தான் வந்தது. அத்திவாரம் வெட்டியதிலிருந்து தகரம் ஏற்றியது வரை என் உழைப்பு. முன்னறை அண்ணனுக்குத்தான் என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். அதை நம்பித்தான் மண் சுமந்தேன்.

பால் காய்ச்சிய மறுநாள் பிரதீஷ் என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்றான். பேசியது அவள்தான்.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் கட இருக்கே, அங்கேயே படுத்துக்கிட்டா என்ன? தோட்டத்துல பேரில்லாத ஆளு இங்க இருந்தா எங்களுக்குத்தான் கரச்சல்."

பேரில்லாத ஆள். தூக்கி வளர்த்தவள் வாயால் அதைக் கேட்டேன். என் பெட்டியை அவளே எடுத்துவந்து வெளியே வைத்தாள்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். நான் எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை. பிரேம் துருப்பிடித்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் மச்சான் என்று கேட்டான். மெல்லிய குழாயில் செய்த பிரேம் ஒன்றைப் போட்டேன். கேரியரைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பூட்டினேன். பின்டயரில் காற்றைக் குறைத்தேன். பாரம் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். அப்போது பிரேம் முறுகும், தளர்ந்த டயர் பக்கவாட்டில் அசையும், இரண்டும் சேர்ந்து ஹேண்டிலை உதறும். வேகம் ஏற ஏற உதறலும் ஏறும். பயந்து இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். சமதரையில் எதுவுமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதில் சந்தைக்கு இறங்கினார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவம் தாண்டிய வளைவில் சைக்கிள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போனது. பிரதீஷுக்குத் தோள் எலும்பு முறிந்தது. சுபாஜினி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டாள்.

மச்சானுக்கு வைத்த குறி தங்கை மேல் விழுந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு நீங்கள் எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதே இறக்கத்தில் நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பசு மாதிரி சாதுவாக வந்தது. பிறகு கேரியரில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் இறங்கி உருட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. பிரதீஷ் தனியாகப் போனால் வருஷக்கணக்கில் போய்வரலாம். ஒரு கீறல் விழாது. அந்தக் கேரியரில் உட்காருகிற ஒரே ஆள் சுபாஜினி.

ஆனால் ஏறச் சொன்னது நான் இல்லை, ஐயா. அவளாகத்தான் ஏறினாள்.