யாரும் கூப்பிடாத எண்

அரசு மருத்துவமனை எலும்பு முறிவுப் பிரிவில், கட்டிலில் சாய்ந்த நிலையில், உதவி ஆய்வாளர் முன்பு நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிய வாக்குமூலம்:

மேற்கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. எனக்கு வயது நாற்பத்தொன்று. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவருடனும் மாமியாருடனும் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். கைபேசி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எதிரி எங்கள் பிரிவின் தலைமைப் பொறியாளர். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிட்டு வந்தேன். இதிலும் அப்படியே வாயில் வருகிறது, அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவர் கொடுத்த எதிர்ப்புகாரில் நானும் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறேன் என்பதும், நான் சொல்வது எனக்கே எதிராகப் போகலாம் என்பதும் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன.

என் வேலை என்னவென்று உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். கைபேசியின் சிப்புக்குள் பூட்டிய பகுதி ஒன்று உண்டு. கைரேகையும் ரகசியச் சாவிகளும் அதற்குள் இருக்கும். எந்த ஆப்பும் அதற்குள் நேராக நுழைய முடியாது. கர்னல் என்னும் அடித்தள மென்பொருள் மட்டும் ஒரு எண்ணைச் சொல்லி அதைக் கூப்பிடலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு வேலை. இந்த அழைப்புகளுக்கான நிரலை எங்கள் ஆபீசில் பல வருடங்களாக ஆளாளுக்கு ஒட்டுப் போட்டு, புது சிப் வந்த போதெல்லாம் பழையதையே நகலெடுத்து, ஒரே வேலைக்கு ஊர்ப்பட்ட நகல்களாக விட்டுவைத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. ஆபீசில் எனக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். வைத்தவர் அண்ணாதான்.

நான் நகல்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டு, அதன் பிறகு யாரும் கூப்பிடாத எண்களை நீக்கத் தொடங்கினேன். அவற்றில் ஒன்றுக்குப் பெயரும் இல்லை, எதற்கென்று குறிப்பும் இல்லை. பக்கத்தில் 'தொடாதே' என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் நிரல் முழுவதும் சலித்துப் பார்த்தும் அதைக் கூப்பிடும் இடம் ஒன்றுகூட இல்லை. அண்ணாவைக் கேட்கலாம் என்றால் அவர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். வேறு இரண்டு பொறியாளர்கள் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். நீக்கினேன். அந்த மாதப் புதுப்பிப்போடு அது எல்லாக் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு ஊர் திரும்பிய அண்ணா ஆபீசுக்கு வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். அவருடைய வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்றார்.

"என்னம்மா துடைப்பம், வீட்டையே காலி பண்ணிட்ட போல. அந்த ஒரு நம்பர மட்டும் திருப்பிப் போட்டுடு."

"யாருண்ணா அதக் கூப்பிடுறாங்க?"

"பழைய கஸ்டமர் ஒருத்தர்."

"யாருன்னு சொல்லுங்க, பேர எழுதிப் போட்டுடறேன்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்து அழுத்தினார். நான் வலிக்கிறது என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவருடைய விரல் தடங்கள் கன்றிப் பதிந்திருந்தன. கணவர் கேட்டதற்குப் பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அண்ணா தானே அந்த எண்ணைத் திரும்பச் சேர்த்து, என் ஒப்புதலுக்கு அனுப்பினார். அந்தப் பகுதிக்கு நான் பொறுப்பு என்பதால் நான் ஒப்புக்கொள்ளாமல் உள்ளே போகாது. நான் நிராகரித்தேன். 'கூப்பிடுபவர் யாரென்று தெரியாத எண்ணுக்கு இங்கே இடமில்லை' என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சிலர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு போன் உயிர் பெற மாட்டேன் என்கிறது, வந்து பார் என்று அண்ணா என்னைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார். அது அலைவரிசைச் சோதனைக்காகச் சுவர் முழுக்கத் தகடு அடித்த அறை. இரும்புக் கதவைச் சாத்தினால் சிக்னலும் போகாது, சத்தமும் போகாது. நான் உள்ளே போய்க் குனிந்து அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு சாத்தும் சத்தமும், அதன் கைப்பிடிக்கு அடியில் நாற்காலியைச் செருகும் சத்தமும் கேட்டன. திரும்புவதற்குள் என் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். மறுபடியும் மோதினார். முன்பற்கள் இரண்டு மேசைமேல் விழுந்தன. அதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், டாக்டர் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு என் வலது கையை இழுத்து, போன்களைப் பிளப்பதற்காக மேசையில் பொருத்தியிருக்கும் வைஸ் என்னும் இரும்பு இடுக்கிக்குள் நான்கு விரல்களையும் வைத்து முறுக்கினார். குரலை உயர்த்தவே இல்லை. "லாகின் பண்ணி உள்ள போ. ஒப்புதல் குடு. அவ்ளோதான் வேலை" என்றார். நான் காலால் உதைத்தேன். என் வயிற்றில் குத்திவிட்டு இன்னொரு சுற்று முறுக்கினார். முதல் விரல் முறிந்தபோது கத்தினேன். நான் கெட்டியான ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாவது விரலும் முறிந்தபோது இடது கையால் கடவுச்சொல்லைத் தட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் கணினியில் புது மென்பொருள் தயாராக விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வைஸைத் தளர்த்தவில்லை. மேசையிலிருந்த காகிதத் துண்டை எடுத்து என் வாயில் வைத்து, "தலைய நிமித்திக்கோ, கீபோர்டுல ரத்தம் விழுது பாரு" என்றார். பிறகு அதை அனுப்ப வேண்டிய சோதனைப் போன்களின் வரிசையில் ஒரே ஒரு போனைச் சேர்த்தார். யாருடைய போன் என்று கேட்டேன். என் உதடு கிழிந்திருந்ததால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"உங்க அண்ணியோடது. ஆஃப் பண்ணி வச்சாலும் எங்க இருக்கா, என்ன பேசுறான்னு எனக்கு வந்துடும். அந்த நம்பரக் கூப்பிடற மாதிரி நாந்தான் அதுக்குள்ள எழுதி வச்சேன். நீ புடுங்கிப் போட்டதும் கண்ணக் கட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு. புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா."

"அண்ணி போனையும் எடுத்துக்கிட்டா போனாங்க?"

"புள்ள போட்டோ எல்லாம் அதுலதான இருக்கு. எப்படியும் ஒரு தடவ ஆன் பண்ணுவா. எனக்கு அது போதும். அவள முடிச்சுட்டு நானே ஸ்டேஷன்ல போய் நிப்பேன், உனக்கு ஒரு பிரச்சினையும் வராது."

அவருடைய பை திறந்திருந்தது. உள்ளே இறைச்சி வெட்டும் பெரிய கத்தி, கடை அட்டையைக்கூடப் பிரிக்காமல் இருந்தது. போலீசார் கைப்பற்றிய கத்தி அதுதான்.

என் இடது பக்கம் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் கம்பி தாங்கியில் சூடாக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் திரையைப் பார்த்த நேரத்தில் அதை எடுத்துக் குத்தினேன். கழுத்தைத்தான் குறிவைத்தேன். அவர் திரும்பினார். வலது கண்ணில் இறங்கியது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். அவர் போட்ட சத்தத்தைவிட, கருகிய அந்த வாடைதான் எனக்குள் நிற்கிறது, இங்கே சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் வருகிறது.

அதன் பிறகு நான் வைஸின் கைப்பிடியை இடது கையால் எட்டித் திருகி விரல்களை எடுத்தேன். அதற்குள் மென்பொருள் தயாராகிவிட்டது. அனுப்பலாமா என்று திரையில் கேள்வி நின்றது. அண்ணா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, முட்டி போட்டு வந்து, இன்னொரு கையை மேசைமேல் போட்டுக் கீபோர்டைத் தடவினார். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி, இடது கையாலும் இடுப்பாலும் தாங்கித் தூக்கினேன்.

இந்த இடத்தில் நான் கணினியை உடைக்கத்தான் ஓங்கினேன் என்றும், அது தவறி அவர்மேல் பட்டது என்றும் சொல்லும்படி எங்கள் வக்கீல் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அது பொய். கணினியின் பின்னால் இருக்கும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியிருந்தாலே போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும், அந்தக் கேபிளை மாட்டியவளே நான். நான் அவர் கையை அடித்தேன். எலும்பு நொறுங்கிய பிறகும் அடித்தேன். அவர் "அம்மா, விட்டுடும்மா" என்று சொன்ன பிறகும் அடித்தேன். கை அசைவதை நிறுத்திய பிறகுதான் கேபிளைப் பிடுங்கினேன். அந்த மென்பொருள் எங்கும் போகவில்லை.

அதன் பிறகு செருகியிருந்த நாற்காலியை உதைத்துத் தள்ளிக் கதவைத் திறந்தேன். காவலாளி ஓடிவந்தார். என்னைப் பார்த்து, "ஐயோ மேடம், யாரு அடிச்சது?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். அவரிடம் மேசையில் இருக்கும் என் பற்களை எடுத்துத் தரச் சொன்னது வரை நினைவிருக்கிறது. அதன் பிறகு மருத்துவமனையில்தான் கண் விழித்தேன். மூன்று விரல்களுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

நேற்று பெண் காவலர் ஒருவருடன் அண்ணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். என் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், எனக்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்தார். இடது காது கேட்காது, அடித்ததில் போய்விட்டது என்றார். ஆபீஸ் விழாக்களில் நான் கூப்பிட்டும் அவர் திரும்பாமல் போனதுண்டு. தலைக்கனம் பிடித்தவர் என்று நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "போன ஆஃப் பண்ணிட்டுப் போனாக்கூட, நான் எந்தச் சந்துல திரும்புனேன், யார்கிட்ட என்ன பேசுனேன்னு வந்து ஒப்பிப்பாரு. என் தங்கச்சிதான் போட்டுக் குடுக்கறான்னு நெனச்சேன். அவகூடப் பேச்சையே நிறுத்திட்டேன். அப்புறம் பக்கத்து வீடு, கடைக்காரர், ஒவ்வொருத்தரா எல்லாரையும் விட்டேன். இந்தத் தடவ வெளிநாட்டுலேர்ந்து வந்தவரு, 'எங்கடி போயிருந்த?'ன்னு கேட்டாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்ன அவர் அப்படிக் கேட்டதே இல்ல. எப்பவும் அவருதான சொல்லுவாரு. நான் கடைக்குன்னு பொய் சொன்னேன். அடிச்சாரு. மறுபடியும் எங்க போனேன்னு கேட்டாரு. அடி வாங்கிக்கிட்டே எனக்குப் புரிஞ்சு போச்சு, இந்த ஆளுக்குத் தெரியல. விடிஞ்சதும் புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்."

அதன் பிறகு அண்ணி, "நீ தெரிஞ்சுதான் அத எடுத்தியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி. யாரும் கூப்பிடலன்னு எடுத்தேன்" என்றேன்.

அவர் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அண்ணாவுக்கு ஒரு கண் போய்விட்டதாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்னொண்ணு?" என்றார். நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார் என்றேன். அண்ணாவும் இதே கட்டடத்தில் மேல்மாடியில் காவலோடு இருக்கிறார் என்பது அண்ணிக்குத் தெரியும். அவர் எழுந்து நாற்காலியை வாசல் தெரியும்படி திருப்பிப் போட்டு, மகளைத் தனக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும் எனக்கு நேர்ந்ததுமே. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தீயணைப்பு உருளையால் அடித்த பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். திருத்தம் ஏதும் இல்லை.

(வலது கையால் எழுத இயலாத நிலையில் வாக்குமூலம் கொடுத்தவரின் இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்பாக: உதவி ஆய்வாளர்