கல் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் இருக்கும், கிளெமென்ற் ஐயாவின் துணைவியார் புளோறன்ஸ் அக்கா அவர்களே, கொட்டாஞ்சேனை அயலவர்களே, வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, வழியில் ஏதோ ஒரு பழைய மதிலைப் பார்த்துக்கொண்டு நின்று பிந்தி வந்திருக்கும் நமது ஞாயிறு நடைக் குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் புறக்கோட்டை கயிற்றுக்கடை ஹமீடின் பணிவான வணக்கம்.

இன்று நாம் நினைவுகூரும் கிளெமென்ற் ஐயா நிறைவாக வாழ்ந்து போனவர். அவரைப் பற்றி அழுத முகத்தோடு பேச எனக்கு வரவில்லை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் வீட்டில் இருந்தாரா? ஞாயிறு பூசை முடிந்த கையோடு நம்மைச் சந்து பொந்தெல்லாம், ஒழுங்கை ஒழுங்கையாக இழுத்துக்கொண்டு போனார். யார் வீட்டு வாசற்படி உடைந்த கப்பலின் பலகை? எந்தக் கடைச் சுவருக்குள் ஒரு கிணறு இருக்கிறது? இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா? அவர் காட்டித்தான் தெரிந்துகொண்டோம். எந்த வீட்டிலும் பிளேன்ரீ குடிக்காமல் அவர் வெளியே வந்ததும் இல்லை.

நமது ஒழுங்கை முனையில் இருக்கும் கல் தொட்டியும் அப்படிக் கண்டெடுத்ததுதான். துறைமுகச் சாமான் ஏற்றிய வண்டில் மாடுகள் ஒரு காலத்தில் அதில் தண்ணீர் குடித்தன. பிறகு யாரும் பயன்படுத்தாமல் அது குப்பை போடும் இடமாயிற்று. ஒரு நாள் பக்கத்து விளக்குக் கம்பத்தில் மாநகரசபையின் நோட்டீஸ் ஒன்று தொங்கியது. மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதற்காக, பாவனையில் இல்லாத கல் தொட்டி அகற்றப்படும் என்று அதில் எழுதியிருந்தது.

ஐயா விடுவாரா? இது ஒல்லாந்தர் காலத்துத் தொட்டி, கை வைக்கக் கூடாது என்று மாநகரசபைப் பொறியியலாளருக்கு அறிவித்துவிட்டார். அவரும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். பாசி போனதும் கல்லில் ஓர் ஆண்டு தெரிந்தது. 1911. ஒல்லாந்தர் போய் நூறு வருடத்துக்கு மேல் கழிந்த ஆண்டு.

நமது நண்பர் வின்சன்ற் உடனே வழி சொன்னார். "அதுக்கு மேல கொஞ்சம் சீமெந்து பூசி விடுவம், ஐயா. ஆருக்குத் தெரியப் போகுது?"

ஐயா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு சொன்னார்: "வேண்டாம் வின்சன்ற். பிழையாச் சொன்னது நான், நானே திருத்துறன். நோட்டீசில பாவனையில இல்லை எண்டுதானே போட்டிருக்கு? அப்ப நாங்கள் பாவிப்பம்."

அன்றே தொட்டியில் இருந்த வெடிப்பை அடைத்தார். அடுத்த நாள் விடிய வாளியோடு வந்து தண்ணீர் நிரப்பினார். ஆடுகள் வந்தன, காகங்கள் வந்தன. பொறியியலாளர் வந்த அன்று, ஆடிவேல் விழாத் தேரை இழுக்கக் கொண்டுவந்திருந்த மாடுகள் இரண்டு தொட்டிக்குள் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன.

"இதுதானா ஒல்லாந்தர் தொட்டி?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை மாத்தயா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வருசம் இந்தா இருக்கு" என்று ஐயாவும் சிங்களத்திலேயே சொல்லிக் கல்லைக் காட்டினார். அந்த மனிதர் மாடுகளையும் ஐயாவின் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "மாடு போன பிறகு உடைக்கிறேன் என்றால், நீங்கள் வேறு இரண்டைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்" என்று சிரித்துவிட்டு, கான் போகும் வழியை மாற்றச் சொன்னார். நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள். அந்தக் கான் இன்றும் தொட்டியைச் சுற்றி வளைந்துதான் ஓடுகிறது.

அன்று தொடக்கம் படுக்கையில் விழும்வரை ஐயா ஒவ்வொரு விடியலிலும் தண்ணீர் ஊற்றினார். தொட்டி வற்றினால் மறுபடியும் அது பாவனையில் இல்லாத தொட்டி. மறுபடியும் நோட்டீஸ் வரும். அடக்கம் முடிந்ததிலிருந்து எனக்கு இந்தக் கவலைதான். இனி யார் ஊற்றுவார்?

நேற்று விடியற்காலை நானே வாளியோடு போனேன். தொட்டி வழிந்து ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். இடியப்பம் விற்கும் ஆறாயி, "நான்தாங்க ஊத்தினேன்" என்றார். சைக்கிள் திருத்தும் தாஸிம், "சுபஹு தொழுதிட்டு வரக்கொள்ள நானும் ஊத்தினேனே" என்றார். வின்சன்றின் காற்சட்டையோ முழங்கால் வரை நனைந்திருந்தது. புளோறன்ஸ் அக்கா வெறும் வாளியோடு நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஹமீட் தம்பி, வாளியத் திருப்பிக் கொண்டு போங்கோ. இண்டைக்கு இடமில்லை."

அன்பர்களே, ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் நான் உறுதி கூறத்தான் வந்தேன். நீங்கள் எனக்கு முந்திவிட்டீர்கள். இனி முறை வைத்து ஊற்றுவோம். நாளை என் முறை. தயவுசெய்து நாளைக்கு மட்டும், நான் வரும்வரை தொட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.